ஆறு இருந்த இடத்தில் எட்டு

எங்கள் கடைத்தெருவில் எனக்குப் பெயர் டூப்ளிகேட். கேலியாகத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இருந்தாலும் திரும்பிப் பார்த்துவிடுவேன். நான் செய்கிற வேலை அப்படி. ஒரு பெரிய கம்பெனி தன் கம்ப்யூட்டருக்கென்றே ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், அந்தக் கம்பெனி பொறுக்கி எடுத்ததாக இருந்தால்தான் அது ஓடும். மற்றதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த மற்ற பிராசசரை வைத்துக் கம்ப்யூட்டர் கட்டி, அதில் அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட வைப்பதுதான் என் பிழைப்பு.

மாய மந்திரம் ஒன்றும் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் முதலில் பிராசசரை விசாரிக்கும்: நீ யார், உனக்குள் எத்தனை கோர்? கோர் என்றால் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே என் சின்ன புரோகிராம் ஒன்று முந்திக்கொண்டு, தெரிந்த பையன்தான், உள்ளே விடு என்று சொல்லிவிடும். எத்தனை கோர் என்பதையும் அதில் நான் கையால் எழுதி வைத்திருப்பேன். அந்த ஒரே ஒரு பொய்க்குப் பிறகு நடப்பதெல்லாம் நிஜமான வேலை. இதை எத்தனையோ பேரிடம் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கியிருக்கிறேன். என் தங்கச்சியைத் தவிர ஒருத்தரும் பாராட்டியதில்லை.

தங்கச்சி ஆவணப்படங்களுக்கு எடிட்டர். அவள் அலுவலகத்தில் எல்லாரும் அந்தக் கம்பெனியின் அசல் மெஷினில்தான் வேலை செய்கிறார்கள். அலுவலகம் இருப்பது வேறு ஊரில். ரயிலில் போய்த் திரும்புவதற்கே பாதி நாள் காலி. குழந்தை பிறந்த பிறகு, என் மெஷின் ஒன்றை வைத்து வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டாள். அங்கே தலைமை எடிட்டராக இருக்கும் பெண்மணி லேசுப்பட்டவர் இல்லை. அண்ணன் கட்டிய மெஷினா, நடுவில் படுத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார். நான் சொல்கிறேன் என்றிருக்கிறாள் இவள். சரி, ஒரு படம் தருகிறேன், அது முடிவதற்குள் மெஷின் ஒரு தடவை மக்கர் பண்ணினாலும் நீ இங்கே வந்துவிட வேண்டும் என்று பேச்சு. பால்குடி மறக்காத பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு அதன் அர்த்தம் வேலையை விட்டுவிடு என்பதுதான்.

படத்தை அனுப்ப வேண்டிய நாளன்று காலையில் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. மெஷின் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்றாள். அழவில்லை, கத்தவில்லை, அளந்து அளந்து பேசினாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினேன்.

கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை, தங்கச்சியின் கணவர். தங்கமான மனிதர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவார். நான் அவர் முன்னால் குரலை இறக்கிப் பேசுவேன். தங்கை புருஷனிடம் எகிறிப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அன்று அவர் என் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு வாங்க என்றார்.

தங்கச்சி குழந்தையைத் தூங்க வைக்க உள்ளறைக்குப் போனதும் மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் நாலைந்து ஓடி அப்படியே நின்றுவிட்டன. மதர்போர்டின் செட்டிங்கிற்குள் போய்ப் பார்த்தேன். எட்டு கோர் என்று காட்டியது. நான் போட்டுக் கொடுத்தது ஆறு கோர் பிராசசர். என் புரோகிராமிலும் ஆறு என்றுதான் எழுதியிருக்கிறேன். பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், பிராசசரின் சூட்டைத் தணிக்கிற கூலருக்கு அடியில் பூசும் சாம்பல் நிறப் பசை நாலு பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. என் கைவேலை அவ்வளவு அசிங்கமாக இருக்காது. திரும்பினேன். மாப்பிள்ளையின் கட்டைவிரல் நகத்திலும் அதே சாம்பல் நிறம்.

அவர் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொன்னார். வெட்டி ஒட்டிய துண்டுகளெல்லாம் சேர்ந்து முழுப் படமாக ரெண்டர் ஆகி முடிகிறவரை அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாளாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். அவளிடம் சொல்லாமல் செய்து சந்தோஷப்படுத்தலாம் என்று பெரிய பிராசசர் ஒன்று வாங்கி வந்து, முந்தின நாள் அவள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த நேரத்தில் வீடியோ பார்த்து மாற்றியிருக்கிறார். கூலரைத் தூக்கும்போது பழைய பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வந்து, அதன் அடியில் இருக்கும் ஊசிக் கால்களெல்லாம் மடங்கிவிட்டன. திருப்பிப் போடவும் வழியில்லை.

“அவளுக்குத் தெரிய வேணாம் மச்சான்,” என்றார்.

எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. முந்தின நாளே எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். என் சொந்தத் தம்பியாக இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேறு எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் அவர் செய்தது சரி, போட்டதும் ஓடியிருக்கும். அப்டேட் பண்ணாதே, பண்ணாதே என்று நூறு தடவை சொன்ன நான், பிராசசரை மாற்றாதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. யார் போய் மாற்றப்போகிறார்கள் என்ற அலட்சியம். பல்லைக் கடித்துக்கொண்டு என் பென்டிரைவைச் செருகி, புரோகிராமைத் திறந்து, ஆறு என்று இருந்த இடத்தில் எட்டு என்று எழுதினேன். மெஷின் சமர்த்தாக எழுந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த தங்கச்சி என்ன ஆச்சு என்று கேட்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என் தப்புதான்மா. ஒரு நம்பரைத் தப்பா எழுதிட்டேன்,” என்றேன்.

சொன்னதும் மனதுக்குள் ஒரு நிம்மதி. கம்ப்யூட்டர் ஓடுவதற்காக ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், ஒரு குடும்பம் ஓடுவதற்காக ஒன்று சொல்லக் கூடாதா? தங்கச்சி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். எட்டு கோரும் சேர்ந்து இழுத்ததில், மதியத்திற்குள் படம் ரெண்டர் ஆகி, போய்ச் சேர்ந்தும் விட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று கருவிகளை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தேன்.

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கையில் ஃபோனை எடுத்தாள். மெஷின் நின்றுபோனதைக் காலையிலேயே தலைமை எடிட்டரிடம் சொல்லிவிட்டாளாம். ஏன் நின்றது என்று தெரிந்ததும் கூப்பிடு என்றிருக்கிறார் அவர். அதனால் கூப்பிட்டு, கட்டியதிலேயே கோளாறு, ஒப்புக்கொண்டபடி வீட்டிலிருந்து செய்வதை விட்டுவிடுகிறேன் என்று சொல்லப் போகிறாளாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்ட் போயிருந்தது என்று ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்றேன். நின்றதை நின்றது என்று சொன்னவள், காரணத்தை மட்டும் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். பிறகு என்னையே உற்றுப் பார்த்தாள்.

“நம்பர் தப்புன்னா இத்தனை மாசம் எப்படி ஓடிச்சு? நீ கட்டினதை நீயே விட்டுக்குடுத்தா, அதை நம்பி வாக்குக் குடுத்த நான் என்னண்ணா ஆறது?”

மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவளுடைய வாக்கைப் பொய்யாக்கியிருக்கிறேன். குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டே வேலை பார்த்தவள், பெற்ற பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள். அந்த வேலையை என் ஒரு வரிப் பெருந்தன்மை தின்னப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

“பொய் சொன்னேன்மா. தப்பு என்னோடது இல்ல, மெஷினோடதும் இல்ல. இதுக்கு மேல என்னைக் கேக்காதே,” என்றேன்.

கேட்க அவசியமும் இருக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது மொத்தம் நாலு பேர், அதில் ஒன்றுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. தங்கச்சி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். நீ சிரமப்படுகிறாயே என்றுதான், சீக்கிரம் முடியட்டும் என்றுதான் என்று இழுத்தார். அவள் திட்டியிருந்தால் அவருக்கே நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நம்பரைப் போட்டு, ஃபோனை அவர் கையில் கொடுத்தாள்.

“என்கிட்ட சொல்றது இருக்கட்டும். அவங்ககிட்ட சொல்லுங்க.”

அவர் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலதிகாரி முன்னால் நிற்கிறவர் போல முதுகு நிமிர்ந்தது.

“மேடம், நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். உள்ள இருந்த பிராசசரை மாத்தினது நான்தான். மாத்திட்டு மறைச்சதும் நான்தான். மெஷின் நல்ல மெஷின். அவ உங்ககிட்ட சொன்னது எதுவும் பொய்யில்ல மேடம்.”

அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவர் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்; காது மடல் சிவந்துகொண்டே போயிற்று. வைத்ததும் தங்கச்சி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது, அன்று முழுக்க அடக்கி வைத்திருந்தது.

“அடுத்த படத்தை அனுப்பறாங்களாம். அது முடியற வரைக்கும் நான் இந்த ரூம் பக்கமே வரக் கூடாதாம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் அடக்கிய கோபமும் பயமும் சேர்ந்து அப்படி வந்ததோ என்னவோ. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“சிரிக்காதே. அவராவது மெஷினைத்தான் திறந்தாரு. எனக்கு எது தெரியணும், எது தெரிய வேணாம்னு முடிவு பண்ணது நீ. நீயும் வெளியதான்.”

உள்ளறையில் குழந்தை எழுந்து அழுதது. மாப்பிள்ளை தூக்கப் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.