நாலரையிலிருந்து ஆறு வரை

முதல்லயே சொல்லிடறேன், நான் பொய் சொல்றவ இல்ல. ஒரே ஒரு பொய்தான். தினமும் அதே பொய்தான், அதனால அதை ஒண்ணாத்தான் எடுத்துக்கணும்.

ரோட்டுல கார் நின்னு போச்சுன்னா ஒரு நம்பருக்குப் போன் பண்ணுவீங்களே, அந்தப் போனை எடுக்கறவ நான்தான். வாரத்துல மூணு நாளோ நாலு நாளோ வீட்டுல இருந்தே வேலை. கல்யாணமாகி வடக்க டார்வின் ஊருக்குப் போன மகளோட ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு, தலையில ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். காலையில எட்டுக்கு ஆரம்பிச்சா நாலரைக்கு வேலை முடிஞ்சுடும். ஆனா ஆறு மணி வரைக்கும் நான் வெளிய வர மாட்டேன். அதுதான் அந்தப் பொய்.

உள்ள என்ன பண்றேன்? ஒண்ணும் பண்ணல. நாற்காலியைப் பின்னால சாய்ச்சுப்பேன். டிராயர்ல ஒளிச்சு வச்சிருக்கற பிஸ்கட்டை எடுத்துத் தின்னுக்கிட்டு போன்ல சீட்டாடுவேன். ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, "அப்பாடா, இன்னிக்கும் ஓவர்டைம்"னு முனகிக்கிட்டே வருவேன். என் புருஷன் டெஸ் அடுப்புல சாசேஜைப் புரட்டிக்கிட்டே, "உன்னைப் போட்டுச் சக்கையா பிழியறானுங்க, ரே"ன்னு பரிதாபப்படுவான்.

டெஸ் மேல எனக்குக் கோபம் கீபம் ஒண்ணும் கிடையாது. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால முதுகுத்தண்டுல டிஸ்க் நழுவி வீட்டோட உக்காந்துட்டான். பகல் பூரா பேச ஆள் இல்ல. பக்கத்து வீட்டு நாய், குப்பை வண்டி வந்த நேரம், ரேடியோவுல எவனோ உளறினது எல்லாத்தையும் எனக்காகச் சேத்து வச்சிருப்பான். நானோ காலையில இருந்து ஹைவேயில நின்னு கத்தற அம்பது பேருக்குப் பதில் சொல்லிட்டு வர்றவ. நாலரைக்கு இன்னொரு குரல் காதுல விழுந்தா அழுதுடுவேன். இதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது? "உன் குரலைக் கேக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணரை மணிநேரம் வேணும்"னு கட்டின புருஷன்கிட்ட எவளாவது சொல்லுவாளா? அது அவனுக்குத் தெரியவே கூடாதுன்னுதான் இத்தனை நாள் காப்பாத்திக்கிட்டு வந்தேன்.

அதுல மண்ணைப் போட்டது வரிக்கணக்கு.

போன அக்டோபர்ல ஒரு நாள் ஃபொட்டினி போன் பண்ணா. எங்க ஊர் ஷெப்பர்ட்டன்ல பாதிப் பேருக்கு அவதான் வரிக்கணக்கு எழுதறா. எங்க பொண்ணும் அவ பையனும் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க. நான் உருளைக்கிழங்கு சீவிக்கிட்டிருந்தேன், அதனால போனை ஸ்பீக்கர்ல போட்டேன். அதுதான் நான் பண்ண முதல் தப்பு.

"வீட்டுல இருந்து வேலை பாத்ததுக்குக் கழிவு கேக்கணும்ல? எத்தனை மணிநேரம்மா?"ன்னு கேட்டா.

"வழக்கம்போல எட்டு மணிநேரம்னு போட்டுக்கோங்க."

"அந்தக் காலமெல்லாம் போச்சு ரேலீன். குத்துமதிப்பு செல்லாது. போன ஜூலை ஒண்ணுல இருந்து இந்த ஜூன் முப்பது வரைக்கும் எந்தெந்த நாள் வீட்டுல இருந்தீங்க, எத்தனை மணிநேரம் வேலை பாத்தீங்கன்னு எழுதி வச்சது வேணும். ஒரு மணிநேரத்துக்கு எழுபது சென்ட் வீதம் கழிச்சுக்கலாம்."

"அந்த எழுபதைத் திருப்பித் தருவாங்களா?"

"திருப்பித் தர மாட்டாங்க. உங்க வருமானத்துல இருந்து கழிச்சுட்டு மிச்சத்துக்கு வரி போடுவாங்க."

"அப்போ போன் பில்லு?"

"எழுபதுக்குள்ள வந்துடுச்சு."

"கரண்ட்டு?"

"அதுவும் உள்ளதான்."

"நாற்காலி?"

"நாற்காலி தனி."

"நாற்காலி மட்டும் ஏன் தனி?"

"அது அப்படித்தான்மா."

"காபி, டாய்லெட் பேப்பர்? ஆபீஸ்ல இருந்தா அவங்கதானே தர்றாங்க?"

"ரேலீன், டாய்லெட் பேப்பருக்கெல்லாம் கழிவு கிடையாது."

எனக்குத் தலை சுத்திடுச்சு. கார் டயர் வெடிச்சவன் சொல்ற வழிகூட எனக்குப் புரியும், இது புரியல. ஆபீஸ் கொடுக்கற ரோஸ்டரை, அந்த வேலை அட்டவணையைக் காட்டலாம்னா, அதுல எந்த நாள் வீடு, எந்த நாள் ஆபீஸ்னே இருக்காது. "எழுதி வைக்கல ஃபொட்டினி. போனாப் போகுது, இந்த வருஷம் விட்டுடுங்க"ன்னேன். உள்ளுக்குள்ள நிம்மதிதான்.

அப்பத்தான் டெஸ் நாற்காலியை விட்டு எழுந்தான். ரெண்டு வருஷத்துல அவன் அவ்வளவு வேகமா எழுந்து நான் பாத்ததில்ல. கராஜுக்குப் போனவன் நாலு நோட்டோட வந்து நின்னான். லாரி டிரைவருங்க எழுதுவாங்களே, வேலை நேரம் ஓய்வு நேரம்னு, அந்த டைரி. எழுதாத பழைய டைரிங்க மிச்சம் இருந்திருக்கு.

"நான் எழுதி வச்சிருக்கேன்"னான்.

"எதை?"

"உன்னைத்தான். வண்டியில ஏறினா எழுதணும், இறங்கினா எழுதணும், கால் மணிநேரம் விடக் கூடாது. முப்பது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா? என்கிட்ட எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் உன்னை எழுதினேன்."

ஸ்பீக்கர்ல ஃபொட்டினி சந்தோஷத்துல கத்தறா. "டெஸ், நீங்க தங்கம்! வியாழக்கிழமை ரெண்டு பேரும் அதை எடுத்துக்கிட்டு வாங்க."

உருளைக்கிழங்கு என் கையை விட்டு உருண்டு போய் அடுப்புக்குக் கீழ நின்னுது.

வியாழக்கிழமை வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நோட்டுங்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சுட்டான். "டிரைவர் டைரியைச் செக் பண்ற ஆபீசர் மட்டும்தான் தொடணும்"னு பெரிய பந்தா வேற. புதன்கிழமை அவன் குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கிட்டுப் போன நேரத்துல ஒண்ணை உருவிப் பாத்தேன். கட்டம் கட்டமா, கோடு கோடா, ஒரு எழவும் புரியல. பக்கத்தோட கடைசியில மட்டும் பென்சில்ல 6.05னு இருந்துச்சு. அடுத்த பக்கத்துல 6.00. அதுக்கு அடுத்ததுல 6.10. கதவு திறந்த நேரம். அய்யோன்னு இருந்துச்சு. அதுக்குள்ள தொட்டியோட சக்கரச் சத்தம் திரும்பி வர, நோட்டை வச்சுட்டு ஃப்ரிட்ஜைத் தொடைக்கற மாதிரி நின்னேன்.

வியாழக்கிழமை ஃபொட்டினி ஆபீசுக்குக் காரை ஓட்டிக்கிட்டே மனசுக்குள்ள புரட்டிப் புரட்டிப் பாத்தேன். ஆறு மணி வரைக்கும் வேலைன்னு டெஸ் எழுதியிருந்தா, சம்பளம் நாலரை வரைக்கும்தானேன்னு ஃபொட்டினி கேப்பா. ஓவர்டைம்னு நான் சொன்னா, பொய்க்கணக்குக்குக் கீழ கையெழுத்துப் போட்டவ ஆவேன். இல்லன்னு சொன்னா, டெஸ் பக்கத்துலயே உக்காந்திருப்பான். அப்போ உள்ள என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கேக்க மாட்டானா? கழிவே வேண்டாம்னு எழுந்து வந்துடலாம்னா, ஆளு இஸ்திரி போட்ட சட்டையில, நோட்டுங்களை மடியில வச்சுக்கிட்டு, வேலைக்குப் போற மாதிரி உக்காந்திருக்கான். இந்த ரெண்டு வருஷத்துல அந்த முகத்தை நான் பாக்கவே இல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. சிவப்பு விளக்குல நிக்காம போயிட்டேன் போல, குறுக்க வந்த ஒருத்தன் ஹாரன் அடிச்சுத் திட்டினான்.

"பாத்து ஓட்டு ரே, கூட ஒரு டிரைவர் இருக்கான்"னான் டெஸ்.

ஃபொட்டினி கண்ணாடியை மூக்கு நுனியில வச்சுக்கிட்டு முதல் நோட்டைத் திறந்தா. ஒவ்வொரு பக்கமா புரட்டினா. "வீடு, ஆபீஸ்னு மேலயே போட்டிருக்கீங்க. சாப்பாட்டு நேரத்தைக்கூடக் கழிச்சிருக்கீங்க. இருபது வருஷத்துல இப்படி ஒரு கணக்கு என் மேஜைக்கு வந்ததில்ல டெஸ்"ன்னா. டெஸ்ஸுக்குக் காதெல்லாம் சிவந்துடுச்சு. நான் கைப்பையோட வாரைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் அவ விரல் ஒரு இடத்துல நின்னுது. "இது என்ன?"

ஓவர்டைம்னு சொல்றதுக்கு வாயைத் திறந்துட்டேன், சத்தியமா.

"எட்டுல இருந்து நாலரை வேலை. சரி. நாலரையில இருந்து ஆறு வரைக்கும் கீழ்க்கோட்டுல ஒண்ணு போட்டிருக்கீங்களே. எல்லா நாளும் இருக்கு."

"மேல்க்கோடு வேலை, கீழ்க்கோடு ஓய்வு"ன்னான் டெஸ்.

"ஓய்வா? எங்க?"

"அதே ரூம்லதான். கதவைச் சாத்திக்கிட்டு."

ஃபொட்டினி கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தா. நான் அவ மேஜையில இருந்த ஸ்டேப்ளரைப் பாத்தேன்.

"இதைக் கணக்குல சேக்க முடியாது டெஸ்"னா மெதுவா.

"சேக்கச் சொல்லலையே. அதனாலதான் மேல போடாம கீழ போட்டேன். நாலரைக்கு அவ பேச்சு நிக்கும். நாற்காலி ஒரு தடவை முனகும். அப்புறம் அந்த டிராயர் கிறீச்சுன்னு கத்தும். சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே நான் உக்காந்திருக்கேன். வேலையை வேலைன்னு எழுதணும், ஓய்வை ஓய்வுன்னு எழுதணும். மாத்தி எழுதினா அபராதம்"னான். குரல்ல ஒரு குத்தல் இல்ல, குறை இல்ல. பெட்ரோல் போட்ட ரசீதைக் கொடுக்கற மாதிரி சொன்னான்.

ஃபொட்டினி மேல்க்கோட்டை மட்டும் கூட்டினா. எத்தனை மணிநேரம் வந்துச்சுன்னு அவ சொன்னது என் காதுல ஏறவே இல்ல. காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்.

காருக்குள்ள வந்து சாவியைப் போட்டேன், திருப்பல. கேக்காம இருக்க முடியல.

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல் வாரத்துல இருந்தே."

"அப்புறம் எதுக்குடா தினமும் 'உன்னைப் போட்டுப் பிழியறானுங்க'ன்னு என்கிட்ட நாடகம் ஆடின?"

"நீ ஆடின, நானும் ஆடினேன்."

"ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமில்ல? கதவைத் தட்டியிருக்கலாமில்ல?"

ஒண்ணும் தெரியாத புது டிரைவரைப் பாக்கற மாதிரி டெஸ் என்னைப் பாத்தான். "வண்டியை ஓரங்கட்டி, கேபின்ல திரையை இழுத்து விட்டுட்டு ஒருத்தன் படுத்திருந்தா யாரும் போய்த் தட்ட மாட்டோம், ரே. எவ்வளவு பெரிய அவசரமா இருந்தாலும் சரி. அவன் எவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தானோ, நமக்கு என்ன தெரியும்?"

நான் ஸ்டீரிங்ல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதேன். வெக்கமா, கோபமா, நிம்மதியான்னு கேட்டா இன்னிக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. தினமும் ஒண்ணரை மணிநேரம் நான் அவன்கிட்ட இருந்து ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன். அவன் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து அதுக்குக் காவல் இருந்திருக்கான். கொஞ்ச நேரம் கழிச்சு டெஸ், "பேக்கரி திறந்திருக்கு. கஸ்டர்ட் கேக் வாங்கிக்கலாமா? அதுக்குக் கழிவு உண்டான்னு ஃபொட்டினியைக் கேக்கட்டுமா?"ன்னான். அழுதுக்கிட்டே சிரிச்சுத் தொலைச்சேன்.

மறுநாள் வீட்டுல வேலை. நாலரைக்கு ஹெட்செட்டைக் கழட்டினேன். டிராயரைத் தொடல. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்துட்டுக் கதவைத் திறந்துட்டேன்.

சமையலறை மேஜையில, டைரியை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்த டெஸ் பதறிப் போய் எழுந்தான். "என்ன ஆச்சு? கரண்ட் போயிடுச்சா? ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்ல. வந்தேன்."

"சாசேஜ் இன்னும் ஃப்ரீசர்ல இருக்கே."

"இருக்கட்டும்."

எதிர்ல உக்காந்தேன். எனக்காகச் சேத்து வச்ச கதையெல்லாம் அவனுக்கு ஆறு மணிக்குத்தான் எடுக்க வரும் போல. பக்கத்து வீட்டு நாய் மட்டும் குரைச்சுக்கிட்டு இருந்துச்சு. டெஸ் கடிகாரத்தைப் பாத்து 4.35னு எழுதினான். பென்சிலை மேல்க்கோட்டுக்குக் கொண்டு போனான், கீழ்க்கோட்டுக்குக் கொண்டு வந்தான், ரெண்டுலயும் வைக்காம கையை அந்தரத்துல நிறுத்திட்டு என்னைப் பாத்தான்.

"இதை எதுல போடறது ரே? என்கூட உக்காந்திருக்கறது வேலையா, ஓய்வா?"

ரெண்டு வருஷமா அவன் கேக்காத கேள்வி. ஓய்வுன்னு சட்டுனு சொல்லியிருக்கலாம், மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பான். நேத்து வரைக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தெரியல டெஸ். எனக்கு நிஜமாவே தெரியல"ன்னேன். "டீ போடு. அந்த நாய் இன்னிக்கு என்ன பண்ணுச்சுன்னு சொல்லு. ஆறு மணி ஆகட்டும், அப்புறம் சொல்றேன்."

அவன் பென்சிலைக் காதுல செருகிக்கிட்டு டீ போடப் போனான்.