இறந்தவரின் புதிய பக்கங்கள்

பிடுங்கிய கேபிளைக் கையில் பிடித்தபடி பூட்டம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆறு வருடங்களுக்கு முன் இறந்துபோன கிணற்று ஆய்வாளரின் ஆய்வேடு முந்நூற்று நாற்பத்தோராம் பக்கத்தை முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனது. வெளித் தொடர்பு அறுந்து நாலு நிமிடமாகியிருந்தது. எழுத்து அதைச் சட்டை செய்யவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தின் மின்னணுக் காப்பகத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். வருகிற ஆய்வேட்டைச் சரிபார்த்து, ஏற்றி, உலகமே படிக்கும்படி திறந்துவைப்பது வேலை. ஏற்றிய பிறகு ஒரு காற்புள்ளியைக்கூட அசைக்க விடமாட்டாள்; அதனால்தான் பூட்டம்மா என்ற பட்டப்பெயர். கிணற்றுக்காரர் ஒப்படைத்துவிட்டு இறந்தபோது அதில் முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள், நானூறு கிணறுகளின் நீர்மட்டம். இப்போது சேர்ந்திருந்த பக்கங்களில் போன வாரத்து அளவுகள் இருந்தன. நாங்கள் மேற்கோள் காட்டிய ஆய்வேட்டில் புதுப் பக்கங்கள் எப்படி வந்தன என்று வேறொரு பல்கலைக்கழகம் காரமாகக் கடிதம் போட, துணைவேந்தர் கெடு வைத்தார். நாலு மணிக்குள் ஆள் யாரென்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவள் வீட்டுக்குப் போகலாம்.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவள், அப்புறம் கணினிக்காரன். அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவனுடைய இழுப்பறையை அவள் குடைந்தாள். இரண்டு சீப்பும் தலைவலி மாத்திரையும்தான் கிடைத்தன. அவள் கைகழுவப் போன நேரத்தில் அவளுடைய கைப்பையை அவன் குடைந்தான். திரும்பிவந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. ராத்திரி வீட்லேருந்து நீங்க ஏதும்..."

"எனக்கு மெயில் திறக்கவே நீதானே வரணும்? உன் மேலதான்டா எனக்குச் சந்தேகம்."

"எனக்குக் கிணத்தைப் பத்தி என்னக்கா தெரியும்? குழாயைத் திறந்தா தண்ணி வரும். அவ்வளவுதான்."

மூன்றரை மணிக்கு அவன்தான் கண்டுபிடித்தான். காப்பகத்தில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம் இருக்கும், ஒரு சின்னக் கோடு இருக்கும். ஆள் இறந்தால் கோட்டுக்கு அப்பால் அந்த வருடத்தை அவள் நிரப்புவாள். அத்தோடு அவர் கணக்கு மூடிக்கொள்ளும். அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நிரப்பியிருந்தாள். கிணற்றுக்காரருக்கு மட்டும் கோடு திறந்தே கிடந்தது. காப்பகத்தைப் பொறுத்தவரை மனிதர் உயிரோடு இருந்தார். உயிரோடு இருப்பவர் எழுதத்தானே செய்வார்.

"மறந்துட்டேன்," என்றாள் பூட்டம்மா.

துணைவேந்தர் நேரிலேயே வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "நாலு எண்தானே? அடிங்க. விஷயம் முடிஞ்சுது."

அவள் விரல் விசைக்கு மேலேயே நின்றது. "சார், முந்நூத்து இருபத்தேழாம் பக்கத்துல உங்க வீட்டுக் கிணறு இருக்கு. ஒரு தடவை அளந்து பாத்துட்டு வந்துடுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

முறைத்துவிட்டுப் போனார். வீட்டுக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கி அளந்தார். ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. திரும்பி வரும்போது சட்டையெல்லாம் பாசி. "இந்தப் பல்கலைக்கழகத்துல ஒழுங்கா வேலை பாக்குறவர் இவர் ஒருத்தர்தான். விடுங்க, எழுதட்டும்," என்றார். அவளுக்கு மறதிக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது.

அடுத்த பதினோரு வருடங்களில் ஆய்வேடு ஆயிரத்து நூறு பக்கங்களைத் தாண்டியது. மேற்கோள் காட்டுபவர்கள் பக்க எண்ணோடு தேதியையும் போடப் பழகிக்கொண்டார்கள். ஆழ்குழாய் போடுகிறவர்கள் முதலில் காப்பகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். மழை நாட்களில் அவர் எழுதுவதில்லை. காரணத்தை யாரும் கேட்கவில்லை.

பூட்டம்மா ஓய்வு பெற்ற நாளில் பொறுப்பைக் கணினிக்காரன் வாங்கிக்கொண்டான். சாவிக் கொத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, இத்தனை வருடம் அடக்கிவைத்ததைக் கேட்டான்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கக்கா. அந்த வருஷத்தைப் போட நிஜமாவே மறந்துட்டீங்களா?"

"ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கினவளே நான்தான்டா. எனக்கா தேதி மறக்கும்?" என்றாள் அவள். "அவன் எங்கண்ணன்."