நிற்கத் தெரியாத உருளை

என் மாமியாருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நோயில் விழும்வரை கணக்கு டீச்சராக இருந்தவர். நான் பிரிண்டர் பழுது பார்ப்பவள். அவர் அறைக்கு எதிரே மேசை போட்டு வீட்டிலேயே வேலை செய்கிறேன்.

படிப்பு என்றால் அவருக்கு உயிர். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் "திருப்பு" என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு நாள் படிப்பதையே விட்டுவிட்டார்.

"இன்னொருத்தர் கையால படிக்கிறது ஒரு படிப்பா?"

டி.வி. போடட்டுமா என்றேன். முறைத்தார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி சுவரையே பார்த்துக் கிடப்பதை எத்தனை நாள்தான் சகிப்பது?

பக்கம் திருப்பும் பொறி ஒன்றைச் செய்ய அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பழைய பிரிண்டரின் ரப்பர் உருளை தாளைக் கிளப்பும், ஒரு கம்பி அதை அந்தப் பக்கம் தள்ளும். கன்னத்தால் அழுத்த ஒரு சுவிட்ச். உருளையைச் சுற்ற, பொம்மை விமானத்திலிருந்து கழற்றிய சர்வோ மோட்டார். அது பாதிச் சுற்றோடு நின்றுவிடும் ரகம்; உருளையோ நிற்காமல் சுற்ற வேண்டும். பிரித்து, பல்சக்கரத்தில் தடையாக நீட்டிக்கொண்டிருந்த முனையை வெட்டி எறிந்தேன். தண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்லும் குமிழைத் தண்டிலிருந்து பிரித்து, நடுவில் வைத்துப் பசை போட்டேன்.

"அதை எதுக்கு ஒட்டுறே?"

"தான் எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியக்கூடாது அத்தை. போன்னு சொன்னா ஓடும். ஓடிட்டுப் பார்த்தா நடுவுலயே நிக்கிற மாதிரி இருக்கும். மறுபடி ஓடும்."

"எவ்வளவு ஓடினாலும் ஒண்ணும் செய்யலன்னே நினைச்சுக்குமா? பாவம்."

"ஆமா, மருமக மாதிரி."

வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே புத்தகத்தை வைத்து ஓட்டிக் காட்டினேன்.

நிற்கச் சொன்ன பிறகும் உருளை ஊர்ந்துகொண்டே இருந்தது. அவர் பாதியில் இருக்கும்போதே தாள் நழுவியது.

"முடிக்கல, இன்னும் முடிக்கல!" என்றார். "எடுத்துட்டுப் போயிடும்மா. நீயாவது கூப்பிட்டாத்தான் திருப்புவே."

தப்பு என் அவசரத்தில்தான். கண்ணால் பார்த்து நடு என்று நான் முடிவு செய்துவிட்டேன். எது நடு என்று மோட்டார் அல்லவா சொல்ல வேண்டும்? பசையைச் சுரண்டினேன். 'நில்' என்ற கட்டளையைக் கொடுத்தபடியே, குமிழை இம்மி இம்மியாகத் திருப்பினேன்.

"உருளையைப் பாருங்க அத்தை."

"நகருது... நகருது... இப்ப எதிர்ப்பக்கம். விட்டுட்டே, திரும்பி வா. ம், நின்னுடுச்சு. கையை எடுக்காதே!"

கையை எடுக்காமலே பசை வைத்தேன்.

அன்று முழுக்க அறையிலிருந்து தாள் புரளும் சத்தம் மட்டும்தான் வந்தது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"ஏதாவது வேணுமா அத்தை?"

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம். கதவைச் சாத்திட்டுப் போ."

அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை. கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. அவர் எனக்குப் போட்ட உத்தரவுகளில் முகம் சுளிக்காமல் நான் செய்தது இது ஒன்றைத்தான்.