திரும்பக் கேட்ட மாத்திரை

எங்கள் வீட்டில் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்கம் கிடையாது. இரவல் போன ஏணி பல வருடமாக எதிர்வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கள் சொத்தென்றே நினைக்கிறார்கள். நான் வாய் திறந்ததில்லை.

அதனால் சம்பந்தி காலையில் ஃபோன் செய்து, "பல்லு வீங்கிக் கிடக்கு. உங்க பல்வலிக்குக் கேட்ட மாத்திரை மிச்சம் இருக்கா சம்பந்தி?" என்றபோது, இல்லையென்று சொல்ல நாக்கு எழவில்லை. எனக்கும் போன வாரம் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்திருந்தது. மாத்திரையை முழுவதும் முடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீக்கம்தான் வடிந்துவிட்டதே என்று மிச்சத்தை உறையில் போட்டு, வேலைக்குக் கிளம்பிய மகனிடம் கொடுத்தனுப்பினேன்.

"சாப்பாட்டோட போடச் சொல்லு. வெறும் வயித்துல போட்டா புரட்டும்" என்று சொல்லவும் மறக்கவில்லை.

குளித்துவிட்டு வந்த மருமகள் மேசையைத் துழாவினாள்.

"மாமா, உங்க மாத்திரை எங்க?"

"உங்கப்பாவுக்கு அனுப்பிட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது மாமா! ஒரு தடவை ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி மூச்சே முட்டிப்போச்சு."

"இது பேரு வேறம்மா."

"பேருதான் வேற. இது ரெண்டு மருந்து சேர்ந்தது. ஒண்ணு கிருமியைக் கொல்லும், இன்னொண்ணு அதுக்குக் காவல். கொல்றது பென்சிலின் வகைதான். அதனாலதானே டாக்டர் உங்ககிட்டயும் ஒத்துக்குமான்னு கேட்டுட்டுக் கொடுத்தாரு?"

சம்பந்தி ஃபோனை எடுக்கவில்லை. அவருடைய டயர் கடையில் கம்ப்ரஸர் ஓடினால் இடி விழுந்தாலும் கேட்காது. ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் கம்பியை விடவில்லை.

டயர் அடுக்கின்மேல் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கன்னம் பந்துபோல் இருந்தது. மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா, உள்ளங்கையில் மாத்திரை.

"போட்டுட்டீங்களா?" என்று கத்தினேன்.

"எங்க போடறது? சாப்பாட்டோடதான் போடணும்னு உத்தரவு போட்டுட்டீங்க. வாயையே திறக்க முடியல. ஒரு வாய் உள்ள போகட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன்."

பக்கத்து டயரிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளுத்த உடுப்பெல்லாம் கரி.

"அதைத் திருப்பிக் கொடுங்க."

"என்னது? கொடுத்ததைத் திரும்பக் கேக்கறது உங்க பரம்பரையிலேயே இல்லன்னு கல்யாணத்துல மூச்சு விடாம பேசினீங்களே!"

"இன்னைலேர்ந்து உண்டு. கொடுங்க."

"அப்பா, அது பென்சிலின் வகை" என்றாள் மருமகள்.

அவர் கை தானாக விரிந்தது. "ஊசிதான் ஆகாதுன்னு நினைச்சுட்டேன்."

"ஊசியோ மாத்திரையோ, எல்லாம் ஒண்ணுதான்ப்பா."

அங்கிருந்து நேராகப் பல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்பதற்கு முன்பே மருமகள் ஒவ்வாமையைச் சொல்லிவிட்டாள். அவர் சீழை வெளியேற்றி, வேறு வகை மருந்து கொடுத்தார். மாத்திரை கைமாறிய கதையைக் கேட்டு என்னை முறைத்தார். திரும்ப வாங்கிய உறையைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

என் மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி நானே முடித்தேன்.

சில நாளில் சம்பந்தி ஃபோன் செய்தார். குரல் தெளிந்திருந்தது.

"வீக்கம் வடிஞ்சிருச்சு சம்பந்தி. மாத்திரை மிச்சம் இருக்கு, அனுப்பட்டுமா?"

"முழுங்கித் தொலைங்க" என்றேன். இருவரும் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.