பெல்ட் இல்லாத இடுப்பு

அன்னபாக்கியத்துக்கு இடுப்பு பிடித்து மூன்று வருடம். குனிந்தால் முள்ளந்தண்டு முறிந்துபோகும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவைத்ததிலிருந்து, கம்பி வைத்த பெல்ட்டைச் சேலைக்குள் இறுக்கிக்கொண்டு, தும்முவதற்குக்கூடச் சுவரைப் பிடித்தாள். மகள் கௌரி தன் பங்குக்கு, கீழே விழுந்த கரண்டியையும் எடுக்க விடமாட்டாள். பாசம்தான். ஆனால் ஆளை மரக்கட்டையாக்குகிற பாசம்.

அந்தப் பெல்ட்டோடுதான் போன மாதம் சிறைச்சாலைக்குப் போனாள். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகன் மதிவண்ணன் உள்ளே இருந்தான். வாசலில் உடம்பைத் தடவிய பொலிஸ்காரியின் கையில் இரும்பு தட்டுப்பட்டது. குண்டு, குண்டு என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு அவள் பின்னுக்குத் துள்ளிப் பாய, துவக்குகள் எல்லாம் அன்னபாக்கியத்தின் பக்கம் திரும்பின. விஷயம் விளங்கிய பிறகும், கழற்றிவைத்துவிட்டுத்தான் போகலாம் என்றார்கள். பெரிய கேற்றில் வெட்டிய சின்னக் கதவால் குனிந்து நுழையவேண்டும். பெல்ட் இல்லாமல் குனிவதா? மகனைப் பாராமலே வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? பிசியோதெரபி செய்யும் றமீலாவை வீட்டுக்கு அழைத்தாள். மாளிகாவத்தைப் பிள்ளை, எதையும் மூடி மறைக்கத் தெரியாதவள்.

"எக்ஸ்ரே பார்த்தேன், அன்ட்டி. எலும்பு நல்லா இருக்கு. பயத்துல உடம்பு இறுகிப்போய்க் கிடக்கு."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

"இல்ல, நோவு உண்மை. ஆனா நோகுதெண்டா உடையுது எண்டு அர்த்தமில்ல."

அன்னபாக்கியத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தக் கதவு கண்ணுக்குள் நின்றது. அந்தக் கதவின் கதையைக் கேட்ட றமீலா, அறை வாசலில் நெஞ்சு உயரத்துக்குக் கயிறு கட்டினாள். முதலில் மேசையைப் பிடித்துச் சற்றே குனிவது, பிறகு வாளியிலிருந்து துணி எடுப்பது, கடைசியில் கயிற்றுக்குக் கீழால் போவது. நோவு கிளம்பினால் மூச்சை அடக்காமல் வெளியே விடவேண்டும். அன்னபாக்கியம் பெல்ட்டைத் தளர்த்தி, பிறகு கழற்றியே விட்டாள். சில நாட்கள் நோவு கூடிப் படுத்தாள். எழும்பி மறுபடியும் குனிந்தாள். கௌரி ஓடிவந்து தாங்கினால், "விடடி!" என்று சீறினாள்.

சிறைச்சாலையில் இம்முறை பொலிஸ்காரி இடுப்பைத் தடவிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினாள். சின்னக் கதவுக்கு முன்னால் நின்றபோது, காத்திருந்ததுபோல நோவு வந்து கொழுவியது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. "நொந்தால் நோகட்டும்," என்று சொல்லி, மூச்சை விட்டு, குனிந்து, உள்ளே போனாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மதிவண்ணன் மெலிந்துபோய் நின்றான். தாயைக் கண்டதும் அவனுக்கு வாய் கோணியது.

"போன மாதம் வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பினீங்களாம். என்னிலை கோவமெண்டு நினைச்சன், அம்மா."

அந்தச் சொல் அவள் நெஞ்சைப் பிளந்தது. வலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கோவமில்லையடா. நான் பயந்து கிடந்தனான். அடுத்த கிழமை என்ன கறி கொண்டுவர, சொல்லு."