பதினேழாம் கேள்வி

பல்கலைக்கழகத் துறையில் எல்லோரும் அவளை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காகிதத்தைச் சும்மா விடமாட்டாள். அப்பேர்ப்பட்டவளுக்கே அன்று காலையில் கால் தரையில் பாவவில்லை. பின்னே? கம்பெனிக்கு நல்லது என்று நினைத்து ஊழியர்கள் ஏன் தப்புச் செய்கிறார்கள் என்று மூன்று வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டதற்கு, இதோ கணினியில் விடை. விசுவாசம் கூடக்கூடப் பொய்யும் கூடுகிறது. பதினோரு மணிக்குத் தேர்வுக்குழுவிடம் காட்டினால் முனைவர் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான். ஊழியர்கள் நிரப்பிய கேள்விப் படிவம் நானூறுக்கு ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் வா என்பார்கள். சரியாக நானூறு இருந்தது.

பழக்கதோஷம், படிவக் கட்டைக் கடைசியாக ஒருதடவை புரட்டினாள். பதினேழாம் கேள்வி குறுக்கே வந்து நின்றது.

அது அவளே வைத்த பொறி. மற்ற கேள்வியெல்லாம் 'நிறுவனத்துக்காகப் பொய் சொல்வேன்' என்கிற தினுசில் போகும். இது மட்டும் 'ஒருநாளும் சொல்லமாட்டேன்' என்று திரும்பிக்கொள்ளும். படிக்காமல் டிக் அடிப்பவர் மாட்டிக்கொள்வார். கடைசி நாற்பது படிவத்திலும் எல்லாவற்றுக்கும் 'முழுச் சம்மதம்', பதினேழுக்கும் அதே. எல்லாம் ஒரே பச்சை மை.

பச்சைப் பேனா துறை உதவியாளர் அண்ணனுடையது. இருபது வருடமாகச் சாவிக்கொத்தும் அவருமாகத் துறையைக் காப்பவர். படிவத்தோடு ஓடினாள்.

"அண்ணே, இந்த நாற்பதும் மில்லுலேர்ந்து வந்துச்சுன்னீங்களே."

அவர் சாவியைப் பார்த்தார். "நாலு வருஷமா நம்ம துறையில ஒரு பட்டம் வரலம்மா. உன்னோடதும் போச்சுன்னா இழுத்து மூடிடுவாங்க. எனக்கு இதுல அஞ்சு காசு லாபம் உண்டா, சொல்லு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அதற்குள்ளேயே நெஞ்சு குதித்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாளே. விசுவாசத்தால் பொய் சொல்பவர் என்று ஊரெல்லாம் தேடிய ஆள் தினமும் அவளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார்.

மணி பத்தே முக்கால். நாற்பதையும் தனி உறையில் போட்டு 'பொய்ப் படிவங்கள்' என்று எழுதினாள். கணக்கு முந்நூற்று அறுபதுக்கு இறங்கியது. போனால் போகட்டும் ஒரு வருடம்.

புதுப் படிவம் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். "இதுல பேரே கிடையாதுண்ணே. இஷ்டமிருந்தா போடுங்க. ஆனா நெஜத்தப் போடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினேழில் பேனா நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"ஏம்மா, இதுல எப்படிப் போட்டா நம்ம துறைக்கு நல்லது?"