வெள்ளிக்கிழமையிலும் அணையாத பச்சைப் புள்ளி

எங்கள் பிரிவின் தலைவர் முர்ஷித் ஹாஜியார் தானே தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக் காலை அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் போ என்றார். காரணம் சொல்லவில்லை. ஜகார்த்தாவின் தானா அபாங் சந்தையில் துணி விற்றவர்களின் பிள்ளை நான். வந்த ஆள் விலையே கேட்காமல் துணியைத் தடவிக்கொண்டு நின்றால் ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரியும்.

காப்பீட்டு நிறுவனமொன்றில் மருத்துவச் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. ஆறு மாதமாக, பக்கத்து ஊரான பொகோரில் உள்ள வீட்டிலிருந்தே பார்க்கிறேன். நிபந்தனை ஒன்றுதான்: எட்டு மணி நேரம் கணினியில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிய வேண்டும். ஐந்து நிமிஷம் மௌஸ் அசையாவிட்டால் அது மஞ்சளாகும். மஞ்சள் கூடிப்போனால் மறுபடி தினமும் அலுவலகம். போகவர நாலு மணி நேரம், முன்னால் நிற்பவனின் முதுகுப்பையில் முகம் புதைத்து ரயிலில் நிற்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மனைவி எல்வா மருத்துவமனைத் தாதி. பதினொன்றரைக்குப் பள்ளி விட்டால் மகளை அழைத்துவர என்னை விட்டால் ஆள் கிடையாது. அலுவலகத்துக்குத் திரும்பு என்றால் எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும். யார் என்று வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசப் பயம்.

நாளொன்றுக்கு நாற்பது கோரிக்கை முடிக்க வேண்டும். காலை ஏழுக்கு உட்கார்ந்தால், பேச்சுக்கு இழுக்க யாருமில்லாத வீட்டில், பதினொரு மணிக்கெல்லாம் நாற்பதும் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்குப் பச்சை காட்ட வேண்டுமே. மேசை விசிறியின் தலையில் நூலைக் கட்டி மறுமுனையை மௌஸில் கட்டினேன். விசிறி இடமும் வலமும் திரும்பத் திரும்ப நான் மும்முரமாக உழைத்தேன்.

அலுவலகத்தில் ஹாஜியார் அறைக்கு வெளியே நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். அதற்குள் ஒருவருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டி, தட்டு தட்டாக எல்லா மேசைக்கும் போயிற்று. இருவர் தள்ளுபடி விலைக்குச் செருப்புத் தேடினார்கள். என்னைப் பார்த்தவர்கள் உடம்பு இளைத்ததா பெருத்ததா என்று கட்சி கட்டிப் பேசினார்கள். ஒரு கோரிக்கைகூட நகர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நாற்காலியில் ஆட்கள் இருந்தார்கள், ஆகவே அவர்களைப் பற்றிப் பட்டியல் எதுவும் கிடையாது.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒன்பது பேருக்குத்தான், எந்தெந்த நேரம் பச்சை எரிந்தது என்று காட்டும் பட்டியல். உள்ளே போனதும் ஹாஜியார் அதைத்தான் என் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் ஐந்து பேரில் நான்கு பேர் வரிசையில் நண்பகலில் வெள்ளையாக ஒரு இடைவெளி. பெண்கள் வரிசையில் இடைவெளி இல்லை. என் வரிசையிலும் இல்லை. எனக்கு மேல் வரிசை வெனிங். பத்து மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மாலை ஐந்துக்குத்தான் நாற்பதைத் தொடுகிறவள். அவளும் நானும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தோம்.

"மூணு வாரம், ஹெந்த்ரி. பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் என் பேர்லகூடப் பச்சை இல்ல. உனக்கு மட்டும் கண்ணு சிமிட்டாம எரியுது. பொம்பளைங்களுக்கு விலக்கு இருக்கு. நீ ஜும்மாத் தொழுகைக்குப் போறதில்லையா?"

நான் மூன்று வாரமும் போனேன். முன்வரிசையிலேயே நின்றேன். விசிறியை நிறுத்த மறந்துதான் போனேன். தொழுகைக்குப் போனேன் என்றால், மௌஸை ஆட்டியது யார்? போகவில்லை என்றால், மூன்று ஜும்மாவைத் தொடர்ந்து விட்டவனை இந்த மனிதர் தன் பிரிவிலேயே வைத்திருக்க மாட்டார். எந்த விலைக்கு விற்றாலும் நஷ்டம்.

குறைந்த நஷ்டத்தை எடுத்தேன். விசிறியைச் சொன்னேன். நூலையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தது என்னைப் பதற வைத்தது. பதற்றத்தில், விற்கிறவன் வாய்விட்டுச் சொல்லவே கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"வேலையில குறை வைக்கல பாக் ஹாஜி. நாப்பதையும் பதினோரு மணிக்கே முடிச்சிடறேன். தப்பு இருந்தா காட்டுங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பதினோரு மணிக்கேவா?" என்றார்.

என் அடக்க விலையை நானே எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டேன் என்பது அப்போது உறைத்தது. அதன்பிறகு நடந்தது வெறும் பேரம். வீட்டிலிருந்து வேலை என்றால் இனி அறுபது என்றார். மகளின் பள்ளியைச் சொல்லி நாற்பத்தைந்து என்றேன். அவர் விசிறியை எழுத்தில் புகாராக்கலாம் என்று மென்மையாக நினைவூட்டினார். வெளியே வேலை நேரத்தில் வெட்டப்பட்ட கேக்கை நான் அதைவிட மென்மையாக நினைவூட்டினேன். அவர் வாய் ஓரம் கொஞ்சம் இளகியது. ஐம்பத்திரண்டில் நின்றோம். பச்சைப் புள்ளியை அவர் பார்ப்பதில்லை, எண்ணிக்கை குறைந்தால் நான் மறுநாளே ரயிலேறுவது என்று முடிவு.

படியிறங்கும்போதே எல்வாவுக்குப் போன் செய்தேன். வேலையை யாரும் விட வேண்டாம் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் பேரம் பேசியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒன்பது பேருக்கும் இனி ஐம்பத்திரண்டு. எட்ட முடியாதவர்கள் திங்கட்கிழமை முதல் அலுவலகம் வரலாம். என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அன்று அலுவலகத்துக்குப் போன ஒரே ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கமாகச் சளசளக்கும் எங்கள் வாட்ஸப் குழு அப்படியே அடங்கிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வெனிங் கூப்பிட்டாள். என்னை அண்ணன் முறை வைத்து உடா என்பாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் சம்மதித்துவிட்டார், ஆனால் புட்டிப்பால் குடிக்க மாட்டேன் என்று அது அடம் பிடிக்கிறது என்றாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"உடா, நான் ரயில்ல போய் வருஷக்கணக்காச்சு. பொம்பளைங்க பெட்டி முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு. பின்னாடி ஏறு, நெரிசல் கொஞ்சம் கம்மி. ஆனா அஞ்சரை வண்டியப் புடிக்கணும்."

அவள் எழுதிக்கொண்டாள். மறுமுனையில் குழந்தை வீறிட்டது. சரி உடா, வைக்கிறேன் என்றாள்.